தீவை அறுத்த பிறகு

புத்தகத்தின் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் ஒரு வயல்.
நான்கு மூலை, நேரான வேலி,
வேலிக்கு எத்தனை மீட்டர் கம்பி வேண்டும் என்று கேள்வி.
"வயல் ராத்திரியில் நகர்ந்துபோனால்?" என்றான் எலோய்.
யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் சிரித்தேன்.
நான் ஹூலியாக்காக்காரி, மண்ணில் நடந்த கால்.
இவர்களோ தித்திகாக்கா ஏரியின் மேல்
கோரை வேரைப் பிணைத்து, கோரைத் தாளைப் பரப்பி
அதன்மேல் பிறந்தவர்கள்.
தரை என்பது இங்கே
அழுக அழுக மேலே போட்டுக்கொண்டே இருக்கவேண்டிய பொருள்.

வயலை மூடிவைத்துவிட்டுப்
படகேறி எலோயின் தீவுக்குப் போனோம்.
ஒன்பது பிள்ளைகள், ஒரு புல்கயிறு,
மீட்டருக்கொரு முடிச்சு.
ஓரம் எது என்பதிலேயே ஒரு மணி நேரம் போயிற்று.
பாதம் நனைந்தால் ஓரம் என்றாள் ஃப்ளோரா லுஹானோ.
முழங்கால் நனைந்தால்தான் என்றான் எலோய் கொய்லா.
வில்மர் இடுப்புவரை நனைந்து
விவாதத்தை முடித்துவைத்தான்.
தொண்ணூற்றாறு முடிச்சு.

பரப்புக்குப் பாய்.
மீட்டருக்கு மீட்டர் பின்னிய நான்கு பாய்களை
எடுத்து எடுத்துப் போட்டு நகர்ந்தோம்.
ஃப்ளோராவின் அம்மா அடுப்பை நகர்த்த மறுத்தாள்.
"அதையும் சேர்த்து எண்ணுங்கள். அதுவும் தீவுதான்."
ஓரத்து அரைப்பாய்களை மனசுக்குள் தைத்துச் சேர்த்தால்
ஐந்நூற்று நாற்பது.

கன அளவுக்கு ஆழம் வேண்டும்.
எலோய் யூகலிப்டஸ் கழியைத் தரைக்குள் குத்தினான்.
கோரை, கோரை, பிறகு வேர், பிறகு
எதுவும் தட்டுப்படாத குளிர்.
இரண்டு மீட்டர்.
கழியை ஒரு மீன் முட்டியதாக வில்மர் கதையளந்தான்;
அந்த அளவைக் கணக்கில் சேர்க்கவில்லை.
பெருக்கினார்கள். ஆயிரத்து எண்பது.
"இத்தனைக்கும் மேலேயா நாம தூங்குறோம்?"
அன்று முழுக்க
யாரும் ஓடவில்லை.

ஆகஸ்டில் கொய்லாக்களுக்கும் லுஹானோக்களுக்கும் சண்டை.
சுற்றுலாப் படகு யார் வாசலில் ஒதுங்குவது என்பதில் தொடங்கி
எப்போதோ இரவல் வாங்கிய வலைவரை போனது.
இங்கே நடுவில் சுவர் எழுப்ப முடியாது.
வேர் அறுக்கும் நீண்ட ரம்பத்தைக் கொண்டுவந்து
ஆளுக்கொரு முனை பிடித்து
(அதில் மட்டும் நல்ல ஒற்றுமை)
மதியம் உருளைக்கிழங்கு வேகுமுன்
தீவை இரண்டாக அறுத்துவிட்டார்கள்.

மறுநாள் எலோயும் ஃப்ளோராவும்
வேறு வேறு படகில் வந்து
வேறு வேறு பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.
இருவர் நோட்டிலும் கணக்கு,
நான் கொடுக்காத வீட்டுப்பாடம்.
அவனுக்கு முந்நூற்றுப் பத்துப் பாய், அவளுக்கு இருநூற்று முப்பது.
கூட்டினால் பழைய ஐந்நூற்று நாற்பது, ஒரு பாய் குறையவில்லை.
சுற்றளவு? அவனுக்கு எழுபது, அவளுக்கு அறுபத்திரண்டு.
கூட்டினேன்.
மறுபடி கூட்டினேன்.

"முப்பத்தாறு மீட்டர் கூட வந்திருக்கு டீச்சர்,
யார் கொடுத்தாங்க?" என்றாள் ஃப்ளோரா, பலகையைப் பார்த்து.
"அறுத்த நீளம் பதினெட்டு," என்றான் எலோய், ஜன்னலைப் பார்த்து,
"உன் பக்கம் ஒரு கரை, என் பக்கம் ஒரு கரை."
சாக்பீஸ் என் கையிலேயே இருந்தது.

வில்மருக்கு வேறு சந்தேகம்.
ரம்பம் தின்ற தூளைக் கன அளவில் கழிக்கவேண்டாமா?
அது மூன்று நாளாகப் பள்ளிக்கூடத்தைச் சுற்றி மிதந்தது.
ஒரு நீர்க்கோழி கொஞ்சம் கொஞ்சமாகக்
கூட்டுக்குக் கொண்டுபோனது.

வெள்ளிக்கிழமை இடைவெளியை அளக்கப் போனோம்.
கயிறு லுஹானோ வீட்டில்.
ஃப்ளோரா வீசினாள். எட்டாமல் நீரில் விழுந்தது.
எலோய் படகிலிருந்து குனிந்து எடுத்துப் பிழிந்து
ஒரு முனையை அவள் கையில் கொடுத்துவிட்டு
மறுமுனையோடு திரும்பினான்.
நனைந்த புல்கயிறு சுருங்கும்,
முடிச்சுக்கு ஒரு விரற்கடை தப்பும்.
அதையும் குறித்துக்கொள்ளச் சொன்னேன்.