குளிர்பெட்டியில் ஒட்டிய அட்டவணை

புந்தா அரீனஸில் செப்டம்பர்க் காற்று
கதவைத் தட்டுவதில்லை, தள்ளும்.
அந்தக் காற்றில் பறக்காதபடி
நான்கு காந்தம் வைத்து
தனிட்சா குளிர்பெட்டியில் ஒட்டினாள் அட்டவணையை.
இடப்பக்கம் நாயினங்களின் பெயர்.
மேலே கட்டங்கட்டமாய்
முடி, குரைப்பு, ஓட்டம், பொறுமை, தீனிச் செலவு.
கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பில்லை.
அது எதற்கென்று இருவருக்கும் தெரியும்.

முதலில் லாப்ரடார். ஊரே சொன்னது.
அவள் தங்கை வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம்.
தங்கமான குணந்தான்.
அந்த வாலை யாரும் நிமிர்த்த வேண்டியிருக்கவில்லை;
தானே நிமிர்ந்து
மூன்று கோப்பைகளையும் சர்க்கரைக் கிண்ணத்தையும்
ஒரே வீச்சில் வழித்துவிட்டு
யாங்கோவின் கன்னத்தில் வந்து நின்றது.
இரண்டு வயதுக்காரன் அழவில்லை, திருப்பி அடித்தான்.
நாய்தான் மன்னிப்புக் கேட்டது.
பொறுமைக்குப் பத்துக்குப் பத்து எழுதி
பக்கத்தில் 'கோப்பை' என்று
புதிதாக ஒரு கட்டம் வரைந்தோம்.

அடுத்து பார்டர் கோலி.
ஆட்டுப்பண்ணையிலிருந்து ராதோமிர் இரவல் கொடுத்தான்,
இரண்டே நாளுக்கு.
சனிக்கிழமை நண்பகலில் வீடு அமைதியானது.
எங்கள் வீட்டில் அமைதி என்றால் ஆபத்து.
ஓடிப்போய்ப் பார்த்தேன்:
துணி துவைக்கும் அறையின் மூலையில்
மாய்தே, யாங்கோ, பக்கத்து வீட்டு இரட்டையர்,
எரிவாயு உருளை கொண்டுவந்த பையன்.
எதிரே வயிறு தரையில் படிய
கண் சிமிட்டாமல் அது.
"அப்பா, நாங்கள் மந்தை" என்றாள் மாய்தே,
ஐந்து வயதின் முழுப் பெருமையோடு.
அந்தப் பையனுக்குக் காப்பி கொடுத்து அனுப்பினோம்.

எதெல்மிரா அம்மாளின் குட்டிப் பூடில்
கடனாளி வட்டிக்காரனைப் பார்ப்பதுபோல்
சோபாவின் உச்சியிலிருந்து யாங்கோவைப் பார்த்தது.
அதன் வரிசையில் எதுவும் நிரப்பவில்லை.

தனிட்சாவின் இடப்புருவத்தில்
மயிர் முளைக்காத ஒரு கோடு உண்டு.
ஆறு வயதில், அவள் பெரியப்பா வீட்டு நாய்.
அதுவும் பிள்ளைகளுக்கு ஏற்ற இனம் என்று
பெயர் வாங்கியதுதான்.
"தின்னும்போது தட்டில் கைவைத்தேன்,
பாவம், அது என்ன செய்யும்" என்பாள்
இன்றைக்கும் அதன் பக்கமே பேசி.
பேசும்போது விரல் மட்டும்
புருவத்துக்குப் போய்வரும்.

ஓரிரவு தூக்கம் வராமல்
பென்சிலோடு குளிர்பெட்டி முன் நின்றேன்.
இனங்களுக்குக் கீழே இரண்டு பெயர் சேர்த்தேன்.
மாய்தே: முடி, எல்லாச் சாக்கடைத் துளையிலும்.
குரைப்பு, விடியுமுன்பே.
பொறுமை, காலணிக் கயிறு கட்டி முடியும்வரை கூட இல்லை.
யாங்கோ:
குரைக்கிற நாய் கடிக்காது என்பார்கள்.
குரைத்துக்கொண்டே கடிக்கிறவன் இவன்,
இந்த வாரம் மட்டும் அக்காவை மூன்று முறை.
இந்த மதிப்பெண்ணுக்கு இவர்களை
யார் வீட்டுக்குள் விடுவார்கள்?
குணம் விசாரிக்காமல்,
திருப்பித் தரலாமா என்று கேட்காமல்
போர்வையில் சுற்றி
இதே காற்றில்தானே தூக்கிவந்தோம்.

மறுநாள் போர்வெனீரிலிருந்து ஒரு பெண் பேசினாள்.
நீரிணைக்கு அக்கரையில்
நான்கு வயது ஸ்பானியல் ஒன்று அவளிடம்.
வேலியின் உயரம் கேட்பாள், தோட்டம் கேட்பாள் என்று
பதில்களை அடுக்கி வைத்திருந்தேன்.
"உங்கள் பிள்ளைகள் கடிப்பார்களா?" என்றாள்.
மேசைக்கடியில் யாங்கோ
நாற்காலிக் காலில் பல் பதித்திருந்தான்.
தனிட்சா வாயைப் பொத்திக்கொண்டு
சுவர்ப்பக்கம் திரும்பினாள்.
"அக்காவை மட்டும்" என்றேன்.
தொலைபேசியில் கொஞ்ச நேரம்
அக்கரைக் காற்று மட்டும் கேட்டது.
"ஞாயிற்றுக்கிழமைப் படகில் வாருங்கள்.
அவனைக் கட்டாயம் கூட்டிவாருங்கள்."

சனிக்கிழமை இரவு முழுக்க
கூடத்தில் மாய்தே அவனைப் பழக்கினாள்.
உட்கார் என்றாள்.
மூன்றாம் தடவை உட்கார்ந்தான்.
பிஸ்கட்டை நீட்டினாள்,
விரல்களை மடக்கி,
உள்ளங்கையை மட்டும் தட்டையாக விரித்து.