பூச்சியம் என்று எழுதிய காலை

காலை எட்டரைக்கு மழையைப் படிக்க வேண்டும்.
எட்டு இருபத்தைந்துக்கே பீலிக்கரை மேட்டில் நிற்பேன்,
கையில் கண்ணாடிக் குழாய், இடுப்பில் படங்கு,
அட்டைக்குப் பயந்து காலில் தேய்த்த சவுக்காரம்.

செப்புப் புனலுக்கு வயது எழுபது என்கிறார் கிளாக்கர் அருளப்பன்.
பழைய ஏடுகளில் துரைமார் அங்குலத்தில் எழுதியிருக்கிறார்கள்.
நான் மில்லிமீற்றரில்.

எங்கள் லயம் கணவாயின் முதுகில் குந்தியிருக்கிறது.
தகரக் கூரையின் வடக்குச் சரிவில் விழும் துளி
உமா ஓயாவைப் பிடித்து, மகாவலிக்குள் நுழைந்து
திருகோணமலை உப்பில் போய் முடியும்.
தெற்குச் சரிவில் விழுந்தது
வளவை கங்கையோடு அம்பலாந்தோட்டைக்குப் போகும்.
நடு முகட்டில் விழுவது?
அது ஆணித் துவாரத்தால் எங்கள் சோற்றுப் பானைக்கு.

வைகாசியில் கச்சான் எழும்பும்.
தெற்குப் பள்ளத்திலிருந்து முகில் ஏறி வந்து
தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும்,
டிக்கெட் எடுக்காத ஆளைப் போல.
இந்தப் பக்கம் வெயில். புல்மலை மஞ்சளாய்க் காயும்.
காற்று மட்டும் கடந்து வந்து
கருப்பந்தைல மரங்களைச் சீவிவிட்டுப் போகும்.
ஐப்பசிப் பின்னேரங்களில் இடி.
கார்த்திகையில்தான் எங்கள் மழை, கிழக்கிலிருந்து.
பழைய ஏடு இப்படிச் சொல்கிறது.
ஐந்தாறு வருடமாய் என் பக்கங்கள் அதனோடு சண்டை போடுகின்றன:
ஒரு கார்த்திகை வெறுங்கையோடு வரும்,
அடுத்தது இரண்டு வருடத்துக் கடனைச் சேர்த்துக் கொட்டும்.

ஒன்று மட்டும் இந்தக் குழாய்க்குத் தெரியாது.
தோட்டத்து எல்லைக்கு மேலே காடு.
குள்ள மரங்கள், தாடி வளர்த்த பாசி, ஆளுயரப் பன்னம்,
மூக்கில் கொம்பு முளைத்த ஓணான் ஒன்று,
மூச்சு விடுகிறதா என்று பத்து நிமிடம் பார்த்து நின்றேன்.
மழையே இல்லாத நாளிலும் அங்கே இலை சொட்டும்.
முகிலைப் பிடித்துப் பிழிகிறது காடு.
விறகுக்குப் போன அன்று என் சேலை தெப்பமாய் நனைந்தது.
அன்றைய பக்கத்தில் பூச்சியம்.
எந்தக் கட்டத்தில் எழுதுவது அந்த ஈரத்தை?

போன கார்த்திகை பதினாறில் நூற்று நாற்பத்தெட்டு.
மறுநாள் குழாயால் அளந்து அளந்து ஊற்றினேன்,
ஒன்பதாவது தடவை பாதிக்குக் கொஞ்சம் கீழே:
இருநூற்றுப் பன்னிரண்டு.
ஐந்தாம் லயத்துக்குப் பின்னால் கானில் தண்ணீர் ஓடவில்லை.
ஓட வேண்டிய தண்ணீர் எங்கே போகிறது?
மண்ணில் ஒரு கீறல். காலையில் சுண்டுவிரல் போனது,
மாலையில் முழங்கை வரை.

எண்ணைத் தூக்கிக்கொண்டு ஒப்பீசுக்கு ஓடினேன்.
இருபத்தொரு குடும்பம் பள்ளிக்கூடத்தில் படுத்தது.
மூன்று இரவு. மலை அசையவில்லை.
நான்காம் காலை, கழுவி வைத்த பீங்கான் போல வானம்.
"உன் மழையைக் கேட்டு மூணு நாள் பேர் போச்சு"
என்றாள் பேச்சியாயி.
பாயைச் சுருட்ட ஆரம்பித்தார்கள்.
எட்டரைக்குக் குழாயைத் தூக்கிப் பார்த்து
பூச்சியம் என்று எழுதினேன்.
மை காயவில்லை.
மலை இறங்கியது.

சத்தம் பெரிதில்லை.
ரோட்டுக்குக் கல் கொட்டும் லொறி போல,
கொஞ்சம் கூடுதல் நேரம்.
சவுக்கு மரங்கள் நின்றபடியே நடந்தன.
ஆறு காம்பரா.
பேச்சியாயியின் இரண்டு ஆடு.
வேரோடு ஒரு மலைத் தேயிலை.
ஆள் இல்லை. பாதி சுருட்டிய பாய்கள்
பள்ளிக்கூடத்து வாங்குகளின் நடுவே கிடந்தன.

அதிகாரிகள் வந்து படம் எடுத்தார்கள்.
அன்றைய மழை எவ்வளவு என்றார்கள்.
ஏட்டைக் காட்டினேன்.
அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில், பென்சிலால் எழுதுகிறேன்:
காட்டில் இலை சொட்டியதா, கான் ஓடியதா, கீறல் எத்தனை விரல்.
அதை யாரும் கேட்பதில்லை.

இன்று மழை பூச்சியம்.
பாசி சொட்டுகிறது.
எங்கள் லயத்துக்குப் பின்னால் ஒரு விரல்.