நடைகல்

போட்டவனே உடைக்க வந்தான்.
மரியநேசன். அதே சைக்கிள்,
கரியரில் கட்டிய பெரிய சுத்தியல், ஒரு அலவாங்கு.
"போட எடுத்த கூலிதான் உடைக்கவும்.
பேரம் பேசாதேங்கோ அக்கா,
என்ர வேலை லேசிலை உடையாது."

ஒட்டுசுட்டானில் எங்கள் ஒழுங்கையில்
முதன்முதல் சீமெந்து போட்ட முற்றம் எங்களுடையது.
நாற்பத்திரண்டு பை.
காசு ஸ்காபரோவிலிருந்து தம்பி சத்தியரூபன் அனுப்பியது.
யோசனை என்னுடையது,
அதை இன்றைக்கும் மறுக்கமாட்டேன்.

நாங்கள் திரும்பி வந்த வருசம்
சிவப்பு மண்டையோட்டுப் பலகைகளைப் பிடுங்கிக்கொண்டு
வெடி அகற்றுகிறவர்கள் போயிருந்தார்கள்.
இனிப் பயமில்லை என்று கடதாசி இருந்தது.
கடதாசி அலுமாரிக்குள்,
பயம் என் உள்ளங்காலுக்குள்.
மதுவந்தி தவழத் தொடங்கியிருந்தாள்.
மூடு, என்றேன் மரியநேசனிடம்.
கிணற்றடியிலிருந்து வேலிவரை மூடு.

நல்லாய்த்தான் இருந்தது முதலில்.
அயலட்டை நெல் காயப்போட வந்தது,
பிள்ளை நடை பழகினாள்,
நான் இரவில் எழும்பிப் பார்ப்பதை விட்டேன்.

பிறகு சித்திரை.
காலை பத்துக்கே முற்றம் தோசைக்கல்.
இருட்டின பிறகும் சூடு இறங்காது,
கடன்காரன் மாதிரி யன்னலடியில் நிற்கும்.
மாரியிலோ, கூரைத் தண்ணீர் ஒரு சொட்டும் தங்காமல்
சரிவு பார்த்து ஓடி
திலகேஸ்வரியின் குசினிக்குள் புகும்.
ஒன்பது மாரி அவள் பேசாதிருந்தாள்.
பத்தாவது மாரியில் பேசினாள்.
அதை இங்கே எழுத முடியாது.

போன ஆவணியில்
எங்கள் கிணற்றுவாளி அடிக்கல்லில் இடிபட்டது.
எட்டிப் பார்த்தேன்.
தண்ணீர் உள்ளே வரும் வாசலை
நானேதான் பூசி வைத்திருக்கிறேன்.

வேலைக்குப் போகிற அவசரத்தில்
தொலைபேசிக்குள் சத்தியரூபனின் பாதி முகம்.
"அக்கா, அது என்ர ஓவர்டைம்."
கமராவைத் திருப்பி வெடித்த செவ்வரத்தையைக் காட்டினேன்.
அது வெயிலில் செத்ததா, என்னால் செத்ததா
என்று அவன் கேட்கவில்லை.
"பாதியையாவது வை."
சரி, மோட்டார் சைக்கிள் நிற்குமளவு வைத்தேன்.

மூன்றாம் நாள் பின்னேரம்
அலவாங்கு கல்லில் படாமல்
மெத்தென்ற எதிலோ இறங்கியது.
மரியநேசன் கையை எடுக்கவில்லை.
மூச்சை மட்டும் எடுத்தான்.
"பிள்ளையை உள்ளுக்கை கூட்டிக்கொண்டு போங்கோ."

தறப்பாள்.
நீலம் நீலமாகவே இருந்தது,
வெள்ளை எழுத்தும் இருந்தது.
எங்களுடையதா, எங்களுக்குப் பின்னால் வந்து
இதே இடத்தில் ஒரு இரவு படுத்தவர்களுடையதா,
கேட்க ஆளில்லை.
நாலு மூலைக் கயிறும் அறுந்திருந்தது.
இவ்வளவு வருசம் மண் அதைத் தின்னப் பார்த்து
முடியாமல் விட்டிருக்கிறது.

எரிக்கத்தான் நினைத்தேன்.
"புகையை எங்கை விடப்போறீங்கள்?" என்றாள் மதுவந்தி.
கழுவினாள்.
கிணற்றடிப் பள்ளத்தில் விரித்தாள்,
ஓரத்துக்குக் கல் வைத்தாள்,
இரண்டு வாளி ஊற்றினாள்.
மறுநாள் ஒரு தும்பி.
அதற்கடுத்த நாள் பக்கத்துக் காட்டிலிருந்து
குரங்குகளும் வந்து குடித்துவிட்டு
வாழைக்குருத்தை முறித்துப் போயின.
எல்லாம் நாம் நினைத்தபடியே வருமா?

மண் வெளிறிக் கிடந்தது, நோயாளி மாதிரி.
ஆட்டெருவும் உமியும் போட்டேன்.
குசினிக் குழாயை வாழையடிக்குத் திருப்பினேன்.
ஐப்பசி முதல் மழையோடு
நான் நடாதவைதான் முந்தி வந்தன,
கீழ்க்காய்நெல்லி, தொட்டாச்சிணுங்கி,
பெயர் தெரியாத ஒன்று.
ஈசல்கள் விழுந்து சாகாதிருக்க
வாசல் பெரிய பல்பை அணைத்து வைத்தேன்.
தண்ணீர் வேலியைத் தாண்டவில்லை.

விடிய திலகேஸ்வரி வந்தாள்.
"குசினி காய்ஞ்சு கிடக்கு," என்றாள்.
பிறகு,
"உங்கடை தவளைகளாலை ஒரு கண் நித்திரையில்லை."

உடைந்த சீமெந்தில் பெரிய துண்டுகளைப் பொறுக்கி
நடைகல்லாய்ப் பதித்திருக்கிறேன்,
என் ஒரு எட்டுக்கு ஒன்று,
வாசலிலிருந்து கிணறுவரை.
இன்னும் அவற்றில் மட்டுமே கால் வைக்கிறேன்.

மதுவந்தி கல்லைப் பார்ப்பதேயில்லை.