நாலு விரல்

கரை ஒதுங்கி மூன்று நாள்.
முதல் நாள் பள்ளிக்கூடமே பார்க்க வந்தது.
இரண்டாம் நாள் காற்று ஊர்ப்பக்கம் திரும்பியது,
யாரும் வரவில்லை.
மூன்றாம் நாள், மூடுபனிக்குள்,
செயின்ட் ஜான்ஸிலிருந்து ஏழு கத்திகளோடு
வந்து இறங்கினாள் நோரீன் கீயோ.

கத்தி தீட்டத்தான் எனக்குக் கூலி.
மீன் ஆலையில் இருபது வருஷம் தீட்டிய கை இது.
திமிங்கலத் தோல் பத்து வெட்டுக்கு ஒரு கூர் தின்னும்
என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மல்லாந்து கிடந்தாள்.
இடப்பக்கச் செட்டை பாறைமேல் விரிந்திருந்தது,
அடிப்புறம் வெள்ளை,
ஆம்புரோஸின் சின்னப் படகைவிட
ஒரு முழம்தான் குறைவு.
முன்விளிம்பு நேராய் இல்லை,
மடக்கிய முட்டிகளை வரிசையாய் அடுக்கினாற்போல்
முண்டும் பள்ளமும்.
ஒவ்வொரு முண்டிலும் கொட்டலசு ஒட்டிக் குடித்தனம்.

"இந்த முண்டு எதற்கு?" என்றேன்.
"திரும்புவதற்கு" என்றாள் நோரீன், நிமிராமல்.
"ஒரு பேருந்து உன் சமையலறைக்குள் வந்து
மேசையைச் சுற்றித் திரும்பி
வாசல் வழியே போவதாக நினைத்துக்கொள்.
அதுதான் இவள், கேப்ளின் கூட்டத்துக்குள்."

வெள்ளைப் பக்கத்தைச் சட்டென்று புரட்டினால்
மீன்கள் மிரண்டு ஒன்றாய்ச் சேருமாம்.
சரியாய்த் தெரியாது, சிலர் அப்படிச் சொல்கிறார்கள் என்றாள்.
கன்று களைத்தால் அதன்மேல் சாயுமாம்.
அதையும் "இருக்கலாம்" என்றுதான் சொன்னாள்.
எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

ஆம்புரோஸ் ஹைன்ஸ் தள்ளியே நின்றான்.
முதலில் பார்த்தவன் அவன்தான்,
தொலைபேசியில் சொன்னவனும் அவன்தான்.

தோலும் கொழுப்பும் கழன்றதும்
உள்ளே ஒரு கை இருந்தது.

கட்டையான மேற்கை எலும்பு,
அகன்ற இரண்டு முன்கை எலும்பு,
கூழாங்கல் பதித்த மணிக்கட்டு,
பிறகு விரல்கள்,
நடு இரண்டில் ஏழெட்டுக் கணு,
எங்கேயோ போய்ச் சேர வேண்டியவைபோல நீண்டு.

"நாலுதான் இருக்கிறது."
ஆம்புரோஸ் எப்போது பக்கத்தில் வந்தான்?
"ஒன்று எங்கே? அறுந்துபோச்சா?"
"இல்லை. இந்த இனத்துக்கே நாலுதான்.
எந்தக் காலத்திலோ ஒன்றை விட்டுவிட்டார்கள்."

அவன் வலக்கைக் கையுறையைக் கழற்றினான்.
ஆள்காட்டி விரல் கிடையாது அவனுக்கு.
விஞ்சும் கயிறும் சேர்ந்து எடுத்துக்கொண்டது,
மகன் பிறந்த வருஷம்.
எலும்புகளுக்கு மேலே, தொடாமல்,
கையை விரித்துப் பிடித்தான்.
என்ன நினைத்தானோ.
நான் கத்தியைக் கல்லில் வைத்தேன்.

முழங்கை மடங்காது என்றாள் நோரீன்.
தோள் ஒன்றுதான் அசையும்.
இத்தனை விரலை உள்ளே வைத்துக்கொண்டும்
ஒரு முடிச்சை அவிழ்க்க வழியில்லை.

முடிச்சு செட்டையின் வேரில் இருந்தது.
எலும்புவரை அறுத்திருந்தது,
மஞ்சள் கயிறு, நண்டுப் பொறிக் கயிறு,
நுனியில் நீலச் சாயம், இரண்டு வளையம்.

இந்த விரிகுடாவில்
நீலத்தில் இரண்டு வளையம் யாருடையது என்று
எனக்குத் தெரியும். நாய்க்குக்கூடத் தெரியும்.
நோரீன் கேட்கவில்லை. நீளம் அளந்து எழுதினாள்.

"என்னுடையது" என்றான் ஆம்புரோஸ்.
அவள் பென்சில் கொஞ்சம் நின்றது.
அதையும் எழுதிக்கொண்டாள்.
"ஹைன்ஸ். கடைசியில் எஸ் வரும்" என்றான் அவன்.

கடலுக்கே கை கொடுத்தவன்,
கையற்று நின்றான் அன்று.

அடுத்த வாரம் பொறி தூக்கப் போனோம்.
தெற்கே, பனி கிழிந்த இடத்தில்,
ஒன்று பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது.
ஒற்றைச் செட்டையை வானத்துக்குத் தூக்கி
தண்ணீரை அறைந்தது.
கதவு சாத்தும் சத்தம், பிறகு இன்னொரு கதவு.
விளையாட்டோ, கோபமோ, யாரையோ கூப்பிடுவதோ.

ஆம்புரோஸ் எஞ்சினை அணைத்தான்.
கயிற்றைத் தொடவில்லை.
கையுறையின் அந்த ஒரு விரல் மட்டும்
உள்ளே யாருமில்லாமல்
காற்றில் மடங்கியது, நிமிர்ந்தது.