அதிபரின் கையொப்பம்

படிவத்தின் முதல் வரியிலேயே பேனா நின்றது:
பாடசாலையின் பெயர்.

புகையிரத விடுதி, இலக்கம் மூன்று, பட்டிப்பொல
என்று எழுதலாமா?
தகரம் ஒழுகாத மூலையில் ஒரு மேசை,
இரண்டு கதிரை,
சுவரில் புவிராஜ் கொண்டுவந்து ஒட்டிய கோச்சி நேரசூசி.
எங்களுக்கு அதுதான் மணி.
பொடி மெனிக்கே கடந்தால் கணிதம் முடியும்.
அது பிந்திய நாட்களில்
இருபடிச் சமன்பாடு ஒன்றரை மணித்தியாலம் இழுத்தது.
அந்த அரை மணியையும் கூட்டுவதா?
படிவத்தில் அதற்குக் குறிப்பு இல்லை.

பத்தாம் தரத்தில் விஞ்ஞான ஆசிரியர் மாற்றலாகிப் போனார்.
அடுத்த ஆசிரியர் வருவாரென்று ஒரு கடிதம் வந்தது.
பிறகு இன்னொரு கடிதம்.
மூன்றாவது கடிதத்துக்கு நாங்கள் காத்திருக்கவில்லை.
பெரிய சி.ஆர். கொப்பி ஒன்று வாங்கினேன்,
தை முதல் மார்கழி வரை கோடு போட்டேன்.
திட்டம் நீல மையில்,
நடந்தது பென்சிலில்.
இப்போது புரட்டிப் பார்த்தால்
கொப்பி முழுக்கப் பென்சில்.

இதையெல்லாம் ஒரே தாளில் அடக்கச் சொல்கிறது
கொழும்பில் ஆய்வுகூடப் பயிற்சி தரும் கல்லூரி.
பாடம், மணித்தியாலம், பெறுபேறு.

பௌதிகவியல்:
சுரங்க வாயில் கூவிய சத்தம் திரும்பி வர
எத்தனை விநாடி என்று
மழையில் நின்று எண்ணினாள் ஜெனிஷா.
எட்டு முறை எண்ணினாள், எட்டு விடை வந்தது.
சராசரி என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் விளங்கியது,
எனக்கும்.

ஆங்கிலம்:
ஹோட்டன் சமவெளிக்கு எந்தப் பக்கம் என்று கேட்டவர்களுக்கு
வழி சொன்ன மணித்தியாலங்களைக் கூட்டவில்லை.
கூட்டினால் நம்பமாட்டார்கள்.

சிங்களம்:
நிலைய அதிபரின் மனைவியோடு கரம் விளையாட்டு.
இதைச் 'செவிமடுத்தலும் பேச்சும்' என்று எழுதினேன்.
ஜெனிஷா சிரித்தாள்,
தோற்ற ஆட்டங்களையும் சேர்க்கவா என்றாள்.

இரசாயனவியல்:
ஊதாக் கோவாவை அவித்த சாறு,
அதில் தேசிக்காய், சவர்க்காரம், அப்பச்சோடா,
லீக்ஸ் பாத்தியின் மண்.
எங்கள் தேநீர்க் கோப்பைகள் ஒரு வாரம்
இளஞ்சிவப்பும் பச்சையுமாகக் கிடந்தன.
ஏ என்று போட்டேன்.

அவள் எட்டிப் பார்த்தாள்.
"ஏ இல்லை அம்மா. மூல் கணக்கை நாங்கள் செய்யவே இல்லை."

செய்யவில்லைதான்.
அந்த மூன்று பக்கத்தையும் சேர்த்து
ஸ்டேப்ளர் அடித்தவள் நான்.
எனக்கே விளங்காததை எப்படிச் சொல்லிக்கொடுக்க?
பிறகு பார்ப்போம் என்று சொன்னேன்,
அந்தப் பிறகு இன்றைக்கு வந்து நிற்கிறது.

கரண்டிக் காம்பால் கம்பியை நெம்பினோம்.
ஒரு மூலையில் தாள் கிழிந்தது.
முதல் கணக்கு பிழை,
இரண்டாவதும் பிழை.
மூன்றாவதில் அவள் என் கையிலிருந்த பென்சிலை வாங்கி
"இதை இங்கே பிரிக்க வேணும்" என்றாள்.
பிரித்தாள்.
இரவுத் தபால் வண்டி போனபோது
கடைசிப் பக்கத்தில் இருந்தோம்.

பெறுபேற்றுக் கட்டத்தில்
பி என்று அவளே எழுதினாள்.
அழுத்தி எழுதியதில் மறுபக்கம் தடித்திருக்கிறது.

வகுப்பாசிரியர், அதிபர், பெற்றார்:
மூன்று கோடு, ஒரே கை.
வித்தியாசம் காட்ட
அதிபரை மட்டும் கொஞ்சம் சாய்த்துப் போட்டேன்.

மிச்சம் இருந்தது வட்டம்: பாடசாலை முத்திரை.
பயணச்சீட்டுக் கூண்டில் ஒன்று இருக்கிறது,
திகதியும் விழும் என்றார் புவிராஜ்.
பிறகு அவரே
வேலை போய்விடும் என்று படுத்துவிட்டார்.

வட்டத்தை வெறுமையாக விட்டேன்.
அதன் கீழே சின்ன எழுத்தில்:
முத்திரை கிடையாது.
சந்தேகமிருந்தால் பொடி மெனிக்கேயில் வரவும்.
மேடையில் இறங்கி, ஊதாக் கறைபடிந்த கோப்பைகள்
காயும் ஜன்னலைத் தட்டவும்.
கணித நேரம் என்றால்
சற்றுப் பொறுக்கவும்.