மூன்று கோடு

போர்ட்டோவில் மழை.
கருங்கல் சுவரில் துளைபோட
வீட்டுக்காரி விடமாட்டாள்.
கட்டைவிரல் அளவு அடாப்டரை
மேசைக் கணினியின் முதுகில்
தடவித் தடவிச் செருகினாள் டியோலிண்டா.

திரையில் ஏழெட்டுப் பெயர்கள்:
கீழ்த்தளத்து பேக்கரி,
எதிர்வீட்டுப் பல் மருத்துவர்,
யாரோ வளர்க்கும் நாய்.
கடைசியில், மங்கலாக, தன் வீடு.

ரவுட்டர் கூடத்தில்.
அன்செல்மோவும் கூடத்தில்.
ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பேச்சில்லை.

கதவைச் சாத்தினால் ஒரு கோடு.
பெட்டியைத் திருப்பினாள்; அதே ஒன்று.
ஜன்னலோரம் இழுத்தாள்; அதுவும் போயிற்று.
கதவைத் திறந்தால் மூன்று.

திறந்தே வைத்தாள்.
கோப்பு இறங்கிக்கொண்டிருந்தது,
நாற்பது சதவீதம்.
அவன் இருமுவது கேட்டது.
பிறகு பீங்கான் கோப்பை வைக்கும் சத்தம்.
"குளிர்காற்று வருது" என்றான்,
சுவரிடம் சொல்வதுபோல.

"வரட்டும்."

நாற்பத்தொன்று.