முப்பத்தொன்பது சென்ரிமீற்றர்

நாவலர் வீதியில் என் அறை
முந்தி ஒரு சைக்கிள் கடை.
சுவரில் இன்னும் எண்ணெய்க் கறுப்பு.
வாசலில் ஒரேயொரு படி.
இடிக்கவோ எண்டு மேசன் கேட்டார்,
விடச் சொன்னேன்.
எந்தக் கால் முதலில் எழும்புகிறதென்று
அந்தப் படியில் பார்த்தாலே பாதி தெரியும்.
மிச்சத்தை ஸ்கான் சொல்லும்,
அல்லது சொல்லாது.

ஐந்து மணிக்கு றெஜினா அக்கா.
பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவர்,
முழங்கால் மாற்றி ஏழு கிழமை.
"தொண்ணூறு பாகை மடங்கினால்
மிசின் மிதிக்கலாமோ?"
மிதிக்கலாம்.
"நூற்றிப்பத்து?"
பஸ் ஏறலாம்.
"கோயிலில முழந்தாளில நிக்க?"
நான் ஐஸ் பையின் வாயை
தேவைக்கு மேல் நேரமெடுத்துக் கட்டினேன்.
"சரி விடும்,
கதிரையையும் அவர்தானே படைச்சவர்."

ஐந்தரைக்கு டினோசன்.
நாவாந்துறை, இடது விங், இடது முழங்கால்.
ஐஸ் அவன் கொண்டுவருவது;
வாடியில் உடைத்தது,
உருக உருகச் சூடை மீன் மணக்கும்.
தொடையில் ஒரு நாரை எடுத்து
முழங்காலுக்குள் கோத்திருக்கிறார்கள்.
தொடையில் பிறந்தது
தன்னை முழங்கால் என்று நம்ப
ஒன்பது மாதம் கேட்கிறது.
வயிற்றுப் பிள்ளையின் அதே கணக்கு.
அவனுக்கு இது பதினான்காம் கிழமை.

அன்று என் அளவுநாடாவைக் காணவில்லை.
அக்கா தன் கைப்பையில் துழாவினார்:
மஞ்சள் நாடா, ஓரம் தேய்ந்தது.
என்னிடம் தரவில்லை.
தானே அவன் காலைப் பிடித்தார்,
வாயில் இல்லாத குண்டூசியை
உதட்டால் கவ்விக்கொண்டு.
"போன கிழமை எவ்வளவு?"
முப்பத்தேழு.
"இண்டைக்கு முப்பத்தொன்பது.
மற்றக் காலைத் தாரும்."
முப்பத்தாறரை.
"வளர்த்தி எண்டால், தம்பி,
ரெண்டு காலும் எல்லோ வளரும்?"

மின்விசிறி மட்டும் சுற்றியது.
"சனிக்கிழமை... மின்னொளி மச்.
கடைசிப் பத்து நிமிசம்தான்.
ஆள் காணாதெண்டு கேட்டவங்கள்."
"கோல் அடிச்சனீரோ?"
"இல்லை. போஸ்ற்றில பட்டது."

திட்ட வாய் எடுத்தேன்.
என் வலது பெருவிரல் மூட்டு நினைவுக்கு வந்தது.
எத்தனை பேரின் முதுகை அழுத்தியதோ,
மாரிக்கு ஒரு நாள் முன்னமே கதைக்கத் தொடங்கும்.
அதற்கு ஓய்வு எழுதிக்கொடுத்திருக்கிறேனா
ஒரு நாளாவது?
வாயை மூடினேன், கண்ணையும்.
தொடையை ஒரு கையால் பிடித்து
கெண்டைக்காலை முன்னுக்கு இழுத்தேன்.
கிணற்றில் வாளி இறங்கும்போது
கயிறு இருக்கிறதா என்று
கை மட்டும் அறியும் ஒரு கணம் உண்டே,
அது.
டக்.
பிடித்தது.
இருக்கிறது, உள்ளே, அந்தப் புது நார்.
கண் திறந்தபோது
பெறுபேறு ஒட்டிய பலகையைப் பார்ப்பதுபோல்
அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
அக்காவும்தான்.

ஒன்றும் பெரிதாய்ச் சொல்லவில்லை.
பச்சை இழுவைப் பட்டியை வாங்கிவைத்து
மஞ்சளைக் கொடுத்தேன், பழைய மஞ்சளை.
அட்டையில் பதினான்கை வெட்டி
பன்னிரண்டு என்று எழுதினேன்.
குதிக்காலுக்குக் கீழ் துவாயைச் சுருட்டி வைத்து
முழங்காலைக் கட்டிலோடு அமத்தச் சொன்னேன்.
ஐந்து மட்டும் எண்ணும்.
விடும்.
திரும்பவும்.
அவன் எண்ணினான்.
மூன்றாவது தடவை
பக்கத்துக் கட்டிலில் இருந்தும் ஒரு குரல்
சேர்ந்து எண்ணியது.

ஏழு மணிக்கு வாசல்.
"இறங்கேக்க எந்தக் கால், சொல்லும்?"
அக்கா தன் தடியால் படியைத் தட்டிக் கேட்டார்.
"கூடாத கால்."
"ஏறேக்க?"
"நல்ல கால்."
இரண்டு கூடாத கால்கள்
ஒன்றன்பின் ஒன்றாக வீதிக்கு இறங்கின.

மதிலோரம் ஒரு வெறும் பிளாஸ்ரிக் போத்தல்.
அவன் நின்றான்.
இடது கால் பின்னுக்குப் போனது,
யோசித்தது,
திரும்பி வந்தது.
வலதால் தட்டினான்.
கோணலாய்ப் போய்க் கானுக்குள் விழுந்தது போத்தல்.

நான் விளக்கை அணைக்கிறேன்.
மேசையில் அக்கா மறந்துவிட்ட நாடா,
அவன் முழங்கால் அளவுக்கு
இன்னும் வளைந்தபடி.